திரையில் ஒரு கோலம்: மிகைமெய்யும் வீட்டிலிருந்தே செய்யும் மறுவாழ்வுப் பயிற்சியும்

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போக்கேமோன் கோ விளையாட்டு நம் நாட்டுக்கு வந்தபோது, ஜோர்ஜ்டவுன் கடலோரத்திலும் பேரங்காடிகளிலும் இளைஞர்கள் கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அலைந்தது பலருக்கு நினைவிருக்கும். திரையில் தெரிந்த சாலை உண்மை, மரம் உண்மை, மரத்தடியில் நின்ற பொம்மை மட்டும் அங்கே இல்லாத ஒன்று. கண்முன் இருக்கும் உலகின் மேல், அதே இடத்தில், அதே நொடியில், கணினி ஒரு சித்திரத்தைப் பதித்துக் காட்டும் இந்த உத்திக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர். போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் காடெல், டேவிட் மிசெல் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் இப்பெயரை வழங்கினர். விமானத்துக்கான மின்கம்பிகளை எந்த ஆணியில் எப்படிச் சுற்ற வேண்டும் என்பதைத் தொழிலாளியின் கண்முன்னேயே காட்டிவிட முடியுமா என்பதுதான் அவர்களுடைய தேவை.

தமிழில் இதற்கு இன்னும் ஒரே பெயர் நிலைக்கவில்லை. மிகைமெய்ம்மை என்பார் உண்டு. புனைமெய் என்பாரும் உண்டு. நான் மிகைமெய் என்றே எழுதுகிறேன். மெய்யை மறைக்காமல் அதன்மேல் கொஞ்சம் மிகுத்துக் காட்டுவது என்ற பொருள் அதில் இருக்கிறது. மெய்நிகர் உலகம் வேறு. அதில் கண்ணை மூடும் கருவியை அணிந்து, வீட்டை மறந்து, முழுக்க முழுக்கக் கணினி படைத்த உலகத்துக்குள் போய்விடுகிறோம். மிகைமெய்யில் நம் வீடு நம் வீடாகவே இருக்கும். நம் கையும் நம் கையாகவே தெரியும். நோயாளிக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. தடுமாறி விழும் நிலையில் இருப்பவரின் கண்ணிலிருந்து நாற்காலியையும் தரையையும் மறைப்பது ஆபத்து.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள்; கணினியியல் படித்தவள். இத்துறைக்குள் என்னை இழுத்து வந்தவர் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் என் பெரியம்மா. இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்தன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். குச்சி மனிதர்கள் கையைத் தூக்குவது போலப் படங்கள். கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கம். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. தாள் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. அங்கேயே இருந்தது.

தொலைவு என்பது எத்தனை கிலோமீட்டர்?

தொலைநிலை மறுவாழ்வு என்றதும் மருத்துவரே இல்லாத மலைக்கிராமம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பினாங்குத் தீவின் நிலை அப்படி அன்று. ஜோர்ஜ்டவுனில் பொது மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் பல இருக்கின்றன. பக்கவாதத்திலிருந்து மீண்டவரான ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய நாசாம் எனப்படும் தேசியப் பக்கவாதச் சங்கமும் இங்கே மையம் நடத்தி வருகிறது. ஆயர் ஈத்தாமிலிருந்து நகர மையத்துக்கு வண்டியில் போக அரை மணி நேரம்கூட ஆகாது, நெரிசல் இல்லாவிட்டால்.

ஆனால், சக்கர நாற்காலியில் இருப்பவரை மின்தூக்கியில் இறக்கி, வண்டியில் ஏற்றி, அங்கே காத்திருந்து, முக்கால் மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்ப அரை நாள் போய்விடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை பார்க்கும் அக்காதான் அழைத்துப் போக வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு விடுப்பு. வாரம் இருமுறை என்பது ஒருமுறை ஆயிற்று; பிறகு மாதம் இருமுறை. இதுதான் உண்மையான தொலைவு. இதைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. நம்மவர் பலருடைய வீடுகளில் சிகிச்சை பாதியில் நிற்பது இப்படித்தான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. மூன்று பெரிய இனங்களுள் இந்தியர்களிடையேதான் அது மிகுதி. பக்கவாதத்துக்கும் கால் இழப்புக்கும் நீரிழிவு எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காலமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. பக்கவாதத்துக்குப் பின் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்கிறது. பழுதுபட்ட பகுதியின் வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்வதற்கு ஒரே வழி, அந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. எத்தனை முறை? விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நானூறு, அறுநூறு முறை என்ற அளவில் அசைவுகள் செய்விக்கப்பட்டன. மனிதர்களுக்கு உண்மையில் எத்தனை கிடைக்கிறது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சிக் கூடங்களில் நேரடியாக எண்ணிப் பார்த்தார்கள். 2009இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கைக்கான பயன்பாட்டு அசைவுகள் ஒரு வேளைக்குச் சராசரியாக 32 மட்டுமே. வசதி மிக்க நாட்டின் கூடத்திலேயே 32 என்றால், மீதியை வீட்டில்தான் செய்தாக வேண்டும்.

வீட்டில் செய்யும்போது, செய்வது சரிதானா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. மிகைமெய் நுழைவது இந்த இடத்தில்.

புள்ளி வைத்துக் கோடு இழுப்பது

கைத்தொலைபேசியின் ஒளிப்படக் கருவி முன்னால் ஒருவர் அமர்கிறார். கணினி அவருடைய உடலில் மூட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஊகித்துப் புள்ளி வைக்கிறது. கூகுள் நிறுவனம் 2020இல் வெளியிட்ட பிளேஸ்போஸ் என்னும் நிரல், மூக்கு, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், குதிகால் என 33 புள்ளிகளை வைக்கும். பிறகு புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும். நம் வீட்டு வாசலில் நடப்பதுதான். இங்கே கோலம் அசையும், அவ்வளவே. இதற்கென்று தனிக் கணினி வேண்டாம். சாதாரணக் கைத்தொலைபேசியே நொடிக்குப் பலமுறை இதைச் செய்துவிடும்.

தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூன்று புள்ளிகள் கிடைத்துவிட்டால் முழங்கை எத்தனை பாகை விரிந்திருக்கிறது என்பது படிவம் மூன்றில் படித்த கணக்குத்தான். கை முழுக்க நீண்டால் 180 பாகை. நேற்று 110, இன்று 118 என்றால் அது முன்னேற்றம். கண்ணால் பார்த்து 8 பாகை வேறுபாட்டைச் சொல்வது கடினம். திரையில் நோயாளி தன்னையே பார்க்கிறார். தன் கைக்கு மேல் பச்சைக் கோடு. கை எட்ட வேண்டிய இடத்தில் ஒரு வட்டம். வட்டத்தைத் தொட்டால் ஓசை எழும். எண் ஒன்று கூடும். அன்றைய பாகைகளும் எண்ணிக்கையும் இணையம் வழியாகச் சிகிச்சையாளரின் கணினிக்குப் போகும். அவர் மறுநாள் காலை ஐந்து நிமிடத்தில் பார்த்து, வட்டத்தைச் சற்று மேலே நகர்த்தி வைப்பார். காணொளியையே அனுப்ப வேண்டியதில்லை, எண்களை மட்டும் அனுப்பினால் போதும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வீட்டு உடையில் இருக்கும் ஒரு மூதாட்டியின் காணொளி யாருடைய கணினியிலோ கிடப்பதை எந்தக் குடும்பமும் விரும்பாது.

இதில் நுட்பமான பகுதி எண்ணுவதன்று, ஏமாறாமல் இருப்பது. பக்கவாதம் வந்தவரிடம் மேசையில் உள்ள குவளையை எட்டச் சொன்னால், வராத முழங்கையை நீட்டுவதற்குப் பதிலாக முதுகை முன்னால் சாய்ப்பார்; அல்லது தோளைக் காதுவரை தூக்குவார். குவளை கைக்கு வந்துவிடும். முழங்கையோ பழைய இடத்திலேயே இருக்கும். உடல் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி இது. அதையே நூறு முறை செய்தால் குறுக்கு வழிதான் பழக்கமாகும். தோள்வலி வேறு சேர்ந்துகொள்ளும். மணிக்கட்டை மட்டும் பார்க்கும் நிரல் இதற்கும் ஓசை எழுப்பிப் பாராட்டிவிடும். நல்ல நிரல் இரு தோள்களையும் இடுப்பையும் சேர்த்துப் பார்க்கும். முதுகு சாய்ந்ததும் நடுவில் சிவப்புக் கோடு வரைந்து, எண்ணிக்கையை நிறுத்திவைக்கும். அனுபவமுள்ள சிகிச்சையாளர் நோயாளியின் பின்னால் நின்று தோளில் இலேசாகக் கை வைத்துத் தடுப்பாரே, அந்தக் கையின் வேலையை இந்தச் சிவப்புக் கோடு ஓரளவு செய்கிறது. ஓரளவு என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன்.

ஒரே ஒரு ஒளிப்படக் கருவிக்கு ஆழம் சரியாகத் தெரியாது. கையைக் கருவியை நோக்கி நேரே நீட்டினால் கை குட்டையானது போலத் தோன்றும்; பாகைக் கணக்கு தடுமாறும். அதனால் சில பயிற்சிகளைப் பக்கவாட்டில் அமர்ந்து செய்ய வேண்டும். தளர்வான கைலி கட்டியிருந்தால் இடுப்பும் முழங்காலும் மறைந்துபோகும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் உருவமே கறுத்துவிடும். அலமாரியில் தொலைபேசி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைக்கூட யாராவது ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து காட்டிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

ஒரு தமிழர் வைத்த கண்ணாடி

மூளையைக் கண் வழியாகப் பழக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு தமிழர் வழி செய்தார் என்பதை நம் மாணவர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆய்வு செய்தவர். கையை இழந்தவர்களுள் பலருக்கு இல்லாத கையில் வலி இருக்கும். விரல்கள் இறுக மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துவது போல உணர்வார்கள். இல்லாத கையை விரிப்பது எப்படி? 1990களில் அவர் ஒரு பெட்டியின் நடுவே சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை ஒரு பக்கம் நுழைத்துக் கண்ணாடியைப் பார்த்தால், இழந்த கை இருந்த இடத்தில் ஒரு கை தெரியும். நல்ல கையை விரித்தால் அந்தக் கையும் விரியும். பலருக்கு இறுக்கம் தளர்ந்தது. செலவு சில வெள்ளிதான்.

1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் இதே கண்ணாடியைப் பயன்படுத்திய முடிவை லான்செட் ஆய்விதழில் வெளியிட்டனர். தொடர்ந்து உலகெங்கும் ஆய்வுகள் நடந்தன. 2018இல் காக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கண்ணாடிப் பயிற்சி கைகால் அசைவை மேம்படுத்துகிறது என்பதற்கு மிதமான அளவு சான்று உண்டு என்றது.

மிகைமெய் அந்தக் கண்ணாடிக்குப் பேத்தி முறை எனலாம். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் ஓர்டிஸ் கத்தலான் குழுவினர், கை இழந்தவரின் எஞ்சிய தசையில் மின்னுணரிகளை ஒட்டினர். அவர் இல்லாத விரலை மடக்க முயலும்போது தசையில் எழும் மின்துடிப்பைக் கணினி படித்து, திரையில் தெரியும் அவருடைய உடலில் ஒரு கையை வரைந்து, அந்த விரலை மடக்கிக் காட்டும். கண்ணாடிக்கு நல்ல கை வேண்டும், இதற்கு வேண்டாம். வேறெந்தச் சிகிச்சைக்கும் அடங்காத வலியோடு இருந்த 14 பேர் பன்னிரண்டு அமர்வுகள் பயிற்சி பெற்றனர். அவர்களுடைய வலி, அளக்கும் முறைக்கேற்ப மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்ததாக 2016இல் லான்செட்டில் வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நடுக்கவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயிலும் இதற்கு இடமுண்டு. நடந்துகொண்டே இருப்பவரின் கால் திடீரெனத் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அவற்றைத் தாண்டி எளிதாக நடந்துவிடுவார் என்பது 1960களிலேயே மருத்துவர்கள் கண்டது. வீடெங்கும் கோடு போட முடியாது. மிகைமெய்க் கண்ணாடி அணிந்தால் போகிற இடமெல்லாம் கோடுகள் முன்னே விரியும்.

பலன் உண்டா?

தொலைவிலிருந்து பயிற்சி கொடுத்தால் பலன் குறையாதா என்பது நியாயமான ஐயம். இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விடை 2019இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பக்கவாதத்தால் கை தளர்ந்த 124 பேரை 11 மையங்களில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மையத்துக்கு வந்தனர்; மற்றவர் வீட்டிலிருந்தே கணினி விளையாட்டுகள், காணொளி உரையாடல் வழியாகப் பயின்றனர். இரு பிரிவினருக்கும் தலா 36 அமர்வுகள். ஒவ்வொன்றும் 70 நிமிடம். கை அசைவை அளக்கும் 66 புள்ளி அளவையில் மையப் பிரிவினர் சராசரியாக 8.36 புள்ளியும், வீட்டுப் பிரிவினர் 7.86 புள்ளியும் உயர்ந்தனர். வீட்டுப் பயிற்சி தாழ்ந்ததன்று என்பதே முடிவு. அங்கே பயன்பட்டவை மிகைமெய்க் கருவிகள் அல்ல என்றாலும், வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு அது போதுமான விடை.

நம் நாட்டிலும் முயற்சி நடந்துள்ளது. மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்திலிருந்து மீண்டு வரும் 28 பேருள் ஒரு பிரிவினருக்கு வழக்கமான பயிற்சியில் அரை மணி நேரத்தை எடுத்துவிட்டு, வீ, கினெக்ட் போன்ற அசைவு விளையாட்டுகளைக் கொடுத்தனர். ஆறு வாரம் கழித்து இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தனர். விளையாட்டு மாயம் செய்யவில்லை, கெடுக்கவும் இல்லை. சிகிச்சையாளருக்கு அரை மணி நேரம் மிச்சமானால் அதை இன்னொரு நோயாளிக்குத் தரலாம் அல்லவா?

கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் 2010இல் கொண்டுவந்த கினெக்ட் கருவியை நம்பி உலகெங்கும் எத்தனையோ மறுவாழ்வு நிரல்கள் எழுதப்பட்டன. 2017இல் அதன் தயாரிப்பு நின்றது. அதே நிறுவனத்தின் ஹோலோலென்ஸ் கண்ணாடியும் 2024இல் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பின் விலை 3,500 அமெரிக்க டாலராக இருந்தது. ஒரே ஒரு விலையுயர்ந்த கருவியோடு சிகிச்சையைக் கட்டிப்போட்டால் கருவி போகும்போது சிகிச்சையும் போகும். எல்லா வீட்டிலும் ஏற்கெனவே இருக்கும் கைத்தொலைபேசியில் ஓடுவதே நமக்குப் பொருந்தும் என்பது என் முடிவு.

சட்டமும் மெல்லத்தான் வருகிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பயிற்சிக் கூடங்களுக்குப் போக முடியாமல் நோயாளிகள் வீட்டில் முடங்கினர். நம் நாடாளுமன்றமோ தொலைமருத்துவச் சட்டத்தை 1997இலேயே இயற்றியிருந்தது. நடைமுறைக்கு வராமல் அது ஏட்டிலேயே கிடந்தது.

தொட்டுப் பார்க்க ஒரு கை

திரைக்குத் தொடு உணர்வு இல்லை. மடங்கிய முழங்கையில் இறுக்கம் எவ்வளவு என்பதைப் பிடித்து நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். தளர்ந்த கையின் கனத்தால் தோள் மூட்டு கீழே இறங்கியிருப்பது விரலுக்குப் புலப்படும்; ஒளிப்படத்துக்குப் புலப்படாது. நின்று செய்யும் சமநிலைப் பயிற்சிகளைப் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யவே கூடாது.

இதற்கு ஒரு வழியைத் தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் பார்க்கலாம். கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அங்கே நிறுவிய அமர் சேவா சங்கம், வளர்ச்சிக் குறைபாடுள்ள கிராமத்துக் குழந்தைகளுக்காக ஒரு செயலியை நடத்துகிறது. செயலி குழந்தையின் கையில் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். வல்லுநர்கள் தொலைவிலிருந்து வழிகாட்டுகிறார்கள். அது மிகைமெய் அன்று. ஆனால் தொழில்நுட்பத்துக்கும் நோயாளிக்கும் நடுவே, அதே ஊர்ப்பேச்சு பேசும் ஒரு மனிதரை வைத்திருக்கிறார்களே, அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஊர்ப்பேச்சு என்றதும் தாளுக்குத் திரும்பி வருகிறேன். சோதனைக்காக ஒரு சிறிய நிரலை எழுதி அக்காவின் தொலைபேசியில் ஏற்றினேன். சிகிச்சையாளர் தேர்ந்து கொடுத்த நான்கு பயிற்சிகள் மட்டுமே அதில் உண்டு. கோடும் வட்டமும் ஒரு நாளில் வந்துவிட்டன. குரல்தான் வரவில்லை. முன்கையைப் புறந்திருப்புக என்று அகராதித் தமிழில் சொன்னால் பெரியம்மா என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். அக்கா குறுக்கிட்டு, "அம்மா, கோயில்ல விபூதி வாங்குற மாதிரி கைய வைங்க" என்றார். உள்ளங்கை உடனே மேல்நோக்கித் திரும்பியது. அதையே அக்காவின் குரலில் பதிவு செய்தோம். உள்ளங்கையைக் கீழே திருப்ப, "தோசைக்கல்லு காஞ்சிருச்சான்னு பாருங்க." விரல்நுனிகளைச் சேர்க்க, "கோலமாவு எடுங்க." கையை இறுக்கி மூட, "தேங்காய்ப் பால் பிழிங்க." மணிக்கட்டுக்குப் பெரியம்மாவே சொல் கொடுத்தார்: மரம் சீவுவது போல. தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அந்த அசைவு கையில் மிச்சமிருந்தது.

செய்யச் சொல்வதற்கு உவமை எளிதாகக் கிடைக்கிறது. செய்யாதே என்பதற்குக் கிடைப்பதில்லை. கையை நீட்டும்போது தோளைத் தூக்காதீர்கள், முதுகைச் சாய்க்காதீர்கள் என்ற இரண்டுக்கும் பொருத்தமான பேச்சுவழக்குத் தொடர்கள் இன்னும் அமையவில்லை. சிவப்புக் கோட்டைக் கண்டதும் பெரியம்மா பயந்து கையையே இறக்கிவிடுகிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல தொடர் கிடைத்தால் நம் கழக அறைக்கு எழுதி அனுப்புங்கள். அக்கா குரல் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்.